வலது கீழ் மூலை

கடித எண் 3
14-3-2018, புதன்கிழமை, காலை 9.15

அன்புள்ள டீச்சருக்கு,

இவ்விடம் நான், வீடு, என் இரத்த அழுத்தம் ஆகிய மூவரும் நலம். அவ்விடம் நீ, மகள், மாப்பிள்ளை, இன்றோடு இருபத்துமூன்று நாள் நிரம்பும் பேத்தி ஆகிய அனைவரின் நலமும் அறிய ஆவலாக இருக்கிறேன்.

உன் 4-3-2018 தேதியிட்ட கடிதம் நேற்றுப் பகல் 11.40க்குக் கிடைத்தது. பெற்ற தேதியை முத்திரையிட்டுக் கோப்பில் சேர்த்துவிட்டேன். 'போனிலேயே பேசிடலாமே, மாமாவுக்கு எதுக்கு இந்தத் தபால் வேலை' என்று மாப்பிள்ளை கேட்டதாக எழுதியிருந்தாய். என் இடது காது முழுதாகவும் வலது காது பாதியாகவும் ஓய்வு பெற்றுவிட்டன என்பதை அவருக்கு நினைவூட்டு. மேலும், பேசிய சொல்லை எந்தக் கோப்பில் வைப்பது?

விஷயத்துக்கு வருகிறேன். வந்திறங்கிய முப்பது நாளுக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பதற்காகக் குடிவரவு அலுவலகம் போனாய். சரி. இரண்டாம் மாடிக்குப் பதில் முதல் மாடியில் நான்காம் எண் அறைக்குள் நுழைந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாய். இந்த வயதில் நடக்கக்கூடியதுதான். அது பதிவு அறை இல்லை, வெளியிலிருந்து பிழைக்க வந்தவர்களை நிறுத்தி, இருக்கலாமா போக வேண்டுமா என்று விசாரிக்கும் அறை என்று தெரிந்த பிறகும் ஏன் எழுந்திருக்கவில்லை? ஒன்பது நிமிடத்தில் ஒருவன் வாழ்க்கையை முடித்து அனுப்பினார்கள் என்கிறாய். அதை நீ படிவத்தின் பின்பக்கத்தில் படமாக வரைந்தாயாம். அது அரசாங்கப் படிவம், டீச்சர்! ஓவிய நோட்டு இல்லை.

வாசலில் நின்ற அவன் மனைவி அந்தப் படத்தைப் பிடுங்கிக்கொண்டதாகவும், அடுத்த வாரம் மறுபடி போய் இன்னொன்று வரைந்ததாகவும் எழுதி, அதன் நகலையும் அனுப்பியிருக்கிறாய். எனக்கு இரண்டு கவலைகள்.

ஒன்று: உன்னுடையது விருந்தினர் விசா, நூற்றெண்பது நாள். வந்திறங்கிய பிப்ரவரி 12ஐயும் சேர்த்தால் ஆகஸ்டு 10, வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு நாள் முன்னதாக 8ஆம் தேதிக்குத் திரும்பும் டிக்கெட் போட்டிருக்கிறேன். விருந்தினர் விசாவில் இருப்பவள் பேத்தியைக் குளிப்பாட்டலாம், கடைக்குப் போகலாம். விசாரணை அறையில் அவளுக்கு என்ன வேலை?

இரண்டு: அந்தப் படத்தில் தேதி இல்லை. முப்பத்திரண்டு வருடம் பிறப்பு இறப்புப் பதிவில் இருந்தவன் சொல்கிறேன், தேதி இல்லாத காகிதம் வதந்தி. போகாதே என்பதுதான் என் முதல் கருத்து. நீ கேட்கப் போவதில்லை என்பதால் மாதிரியும் தருகிறேன். வலது கீழ் மூலையில், வரிசையாக: தேதி, கிழமை, அறை எண், தொடங்கிய நேரம், முடித்த நேரம்.

இங்ஙனம்,
தலைமை எழுத்தர் (ஓய்வு)


27 மார்ச், செவ்வாய்

மேன்மை தங்கிய தலைமை எழுத்தர் அவர்களுக்கு,

உங்கள் டீச்சர் பணிவுடன் எழுதிக்கொண்டது. நாங்கள் எல்லோரும் நலம். பேத்திக்கு உங்கள் மூக்கு. பாவம், என்ன செய்வது.

நான் இப்போது செவ்வாயும் வியாழனும் போகிறேன். அந்த இரண்டு நாளும் மகள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதால் குழந்தையை அவள் வைத்துக்கொள்வாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான். "அம்மா, மத்த அம்மாங்க எல்லாம் இங்க வந்தா பார்க்குக்குப் போவாங்க, மால் பார்ப்பாங்க. நீங்க மட்டும் கோர்ட்டுக்குப் போறீங்க"ன்னாள். "அது கோர்ட்டு இல்லடி, கோர்ட்டா இருந்தா நான் எதுக்கு"ன்னேன்.

அந்த அறையை நீங்கள் பார்க்க வேண்டும். ஜன்னல் இல்லை. கடிகாரம் இல்லை. வாசலில் போனையும் கேமராவையும் வாங்கி டப்பாவில் போட்டுவிடுகிறார்கள். பென்சிலை யாரும் கேட்பதில்லை. பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் கடைசி பெஞ்சில் உட்காரலாம், ஆனால் யாரும் வருவதில்லை. விசாரணைக்கு நிற்கிறவர்களின் வீட்டுக்காரர்கள் வர முடியாது, அவர்களில் பாதிப் பேருக்கே காகிதம் சரியில்லை, உள்ளே வந்தால் அவர்களையும் பிடித்துக்கொள்வார்கள். அதனால் தெருவில், எதிர்ப்பக்கக் கம்பிவேலி ஓரமாக நிற்கிறார்கள். உள்ளே போன ஆளைப் பல வாரமாகப் பார்க்காதவர்கள்.

முதல் படத்தைப் பிடுங்கிய பெண்ணை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அவள் பாஷை எனக்குப் பாதிதான் புரியும். படத்தின் மேல் கையை வைத்து, "கன்னம் ஒட்டிப்போச்சே, கன்னம் ஒட்டிப்போச்சே"ன்னு அதையே சொன்னாள். இத்தனை வருஷம் ஓவிய வகுப்பு எடுத்திருக்கிறேன், ஒரு படத்தை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

இப்போது அங்கே ஒரு வக்கீலம்மா பழக்கமாகியிருக்கிறார். நான் வரைவதை நகலெடுத்துக் கம்பிவேலியில் மாட்டுகிறார். அசலை வீட்டுக்காரர்களிடம் கொடுத்துவிடுகிறோம். போன வாரம் வரை பத்தொன்பது முகம். தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். சிலர் திட்டிவிட்டும் போகிறார்கள்.

உங்கள் உத்தரவுப்படி வலது கீழ் மூலையில் எல்லாம் எழுதிவிடுகிறேன். வக்கீலம்மா "இது யாரு சொல்லிக் கொடுத்தது, ஆபீஸ் ஃபைல் மாதிரி இருக்கு"ன்னு கேட்டார். "எங்க வீட்ல ஒரு ஆபீஸ் இருக்கு"ன்னேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். என் கைக்கடிகாரத்தை நான் இன்னும் மாற்றவில்லை. இன்னமும் நம் வீட்டு நேரம்தான் ஓடுகிறது. இங்கே ஆறு மணி நேரம் பின்னால். மகள் கிண்டல் பண்ணுகிறாள், பண்ணட்டும். அது மாலை 4.50 காட்டும்போது, நான் எங்கே இருந்தாலும், மனசுக்குள் "மாத்திரை"ன்னு ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன். ஐந்து மணிக்குப் போடச் சொன்ன மாத்திரையைப் பத்து நிமிடம் முன்னால் போடுகிற மனுஷன் உலகத்திலேயே ஒருத்தர்தான். போடுகிறீர்களா?

உங்கள் டீச்சர்


கடித எண் 5
9-4-2018, திங்கட்கிழமை, காலை 8.50

அன்புள்ள டீச்சருக்கு,

உன் கடிதம் 6-4 வெள்ளியன்று கிடைத்தது. உடனே எழுதாமல் மூன்று நாள் தாமதித்ததற்குக் காரணம் உண்டு. கோபத்தில் எழுதினால் கையெழுத்து கெட்டுவிடும்.

7ஆம் தேதி மாப்பிள்ளை தொலைபேசியில் அழைத்தார். வலது காதில் விழுந்தவரை எழுதுகிறேன். "மாமா, எங்க நிரந்தரக் குடியுரிமை மனு அதே ஆபீஸ்ல, அதே கட்டடத்துல, மூணாவது மாடியில இருக்கு. அத்தை முதல் மாடியில உக்காந்து அவங்களையே படம் வரையறாங்க. யாராவது முடிச்சுப் போட்டுப் பார்த்தா என்ன ஆகும்?" நான் குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். அவர் பெருமூச்சு விட்டது மட்டும் மிகத் தெளிவாகக் கேட்டது.

அவர் கேட்டது நியாயம். அவர்கள் ஆறு வருடமாகக் காத்திருக்கிறார்கள். பத்தொன்பது முகங்களுக்காக நம் வீட்டு மூன்று முகங்களை ஏன் ஆபத்தில் நிறுத்துகிறாய்? நீ நல்லவள் என்பது எனக்கு நாற்பத்தொரு வருடமாகத் தெரியும். அதைப் புதிதாக யாருக்கும் நிரூபிக்க வேண்டியதில்லை. நிறுத்திவிடு.

கம்பிவேலியில் உன் பெயர் எங்கும் இல்லையே? இல்லை என்று அடுத்த கடிதத்தில் முதல் வரியாக எழுது.

கைக்கடிகாரம்: உடனடியாக அந்த ஊர் நேரத்துக்கு மாற்றிவிடு. குழந்தைக்குப் பால் கொடுக்கும் நேரத்தில் குழப்பம் வரும். என் மாத்திரையை நானே பார்த்துக்கொள்வேன். அதற்கென்று குறிப்பேடு வைத்திருக்கிறேன், ஒரு வரிகூட விடுபட்டதில்லை.

(4.50க்குப் போடுகிறேன். நேற்று நீயும் சொல்லியிருப்பாய் என்று நினைத்தேன்.)

இங்ஙனம்,
தலைமை எழுத்தர் (ஓய்வு)


17 மே, வியாழன்

அன்புள்ள உங்களுக்கு,

என் பெயர் எங்கும் இல்லை. முதல் வரியாக எழுதிவிட்டேன். ஆனால் இனிமேல் இருக்கப் போகிறதா இல்லையா என்று உங்களைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். கிண்டல் எதுவும் இல்லை. உட்கார்ந்து படியுங்கள்.

இங்கே ஒரு தையல்காரர். முன்னால் துணி ஆலையில் இருந்தவர், இப்போது ஒரு சின்னக் கடையில் கால்சட்டை நீளம் குறைத்துக் கொடுக்கிறார். மே 8ஆம் தேதி, செவ்வாய், அவருக்கு நான்காம் அறையில் விசாரணை. வந்தார். நானும் இருந்தேன். முன் பெஞ்சில், கையைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடது கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது, ஊசி ஏறிவிட்டதாம். மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. அதிகாரி ஏதோ தட்டச்சு செய்தார். நாற்பது நிமிடம் தையல்காரர் அப்படியே இருந்தார், நான் முழுசாக வரைந்தேன். பிறகு போகலாம் என்று கையைக் காட்டினார்கள். உள்ளே வரும்போது கொடுத்திருந்த டோக்கனையும் போகும்போது வாசலில் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் அவருக்குக் காகிதம் வந்தது. 'விசாரணைக்கு வரவில்லை, ஆகவே மனு தள்ளுபடி, வெளியேற்ற உத்தரவு.' 15ஆம் தேதி கடைக்கே வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது பின்கட்டில் இருக்கும் தடுப்புக் கட்டடத்தில் இருக்கிறார்.

அவர் வந்ததற்கு அங்கே எந்தப் பதிவும் இல்லை. இருப்பது என் படம் மட்டும்தான். கட்டைவிரல் கட்டோடு, மூலையில் உங்கள் மாதிரிப்படி தேதியோடு. நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், பாருங்கள்.

வக்கீலம்மா நேற்று வீட்டுக்கே வந்தார். நான் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். அதில் என் பெயர், விசா எண், தங்கியிருக்கும் வீட்டு முகவரி எல்லாம் வரும். மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். வக்கீலம்மா போனதும் வெடித்துவிட்டாள்.

"அம்மா, அவருக்கு நியாயம் வேணும். சரி. எனக்கு வீடு வேணாமா?"

"வேணும்டி."

"அப்போ ஒண்ணு பண்ணுங்க. ஊருக்குப் போயிடுங்க. குழந்தையை நான் பார்த்துக்கறேன்."

சொல்லிவிட்டு அவளே அழுதாள். நான் குழந்தையை வாங்கிக்கொண்டேன். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. அவளும் அந்தக் கம்பிவேலிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறாள், கொஞ்சம் நல்ல செருப்புப் போட்டுக்கொண்டு.

உங்கள் பதில் வருகிறவரை கையெழுத்துப் போட மாட்டேன். தையல்காரரின் மனைவி தினமும் வந்து நிற்கிறாள், என்னிடம் எதுவும் கேட்பதில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

உங்கள் டீச்சர்


கடித எண் 8
29-5-2018, செவ்வாய்க்கிழமை, காலை 10.05

அன்புள்ள டீச்சருக்கு,

உன் கடிதம் 28-5 திங்களன்று கிடைத்தது. என் பதில்: கையெழுத்துப் போடாதே.

காரணங்களை எழுதுகிறேன். உன்னுடையது விருந்தினர் விசா, நீ சாட்சி சொல்ல வந்தவள் இல்லை. மகளின் மனு மூன்றாவது மாடியில் இருக்கிறது. இந்த இரண்டும் உனக்குத் தெரிந்தவை. மூன்றாவது உனக்குத் தெரியாது, அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது.

படத்தின் மூலையில் நீ எழுதியிருப்பதைப் பார்: '8-5-2018, செவ்வாய், அறை 4, மாலை 4.50 முதல் 5.30 வரை.' அந்த அறை காலை ஒன்பதுக்குத் திறந்து பகல் ஒரு மணிக்குப் பூட்டப்படுகிறது என்று நீயே முன்பு எழுதியிருக்கிறாய். கடிகாரத்தை மாற்றச் சொன்னேன், மாற்றவில்லை. உள்ளே சுவர்க் கடிகாரமும் இல்லை. ஆகவே கையில் இருந்த நம் வீட்டு நேரத்தைப் பார்த்து, நான் சொன்ன மாதிரிப்படி, மிகத் துல்லியமாகத் தவறாக எழுதியிருக்கிறாய். 'பூட்டிய அறையில் எப்படி அம்மா வரைந்தீர்கள்? வீட்டில் உட்கார்ந்து கற்பனையாக வரைந்தீர்களா?' என்று அவர்கள் கேட்பார்கள். படம் பொய்யாகும். நீ பொய் சாட்சி ஆவாய். தேதியும் நேரமும் போடச் சொன்னவன் நான். போடாமலே இருந்திருந்தால் இந்த வில்லங்கம் இல்லை.

அவருக்கும் உதவாது, நமக்கும் கேடு. விட்டுவிடு. என் மேல் வருத்தம் இருந்தால் ஆகஸ்டு 9ஆம் தேதி நேரில் வந்து சொல்.

இங்ஙனம்,
தலைமை எழுத்தர் (ஓய்வு)


கடித எண் 9 (பதிவுத் தபால்)
30-5-2018, புதன்கிழமை, காலை 11.20

அன்புள்ள டீச்சருக்கு,

நேற்று அனுப்பிய கடித எண் 8 ரத்து செய்யப்படுகிறது. அது முன்னால் வந்தால் பிரிக்காதே. பிரித்திருந்தால் படிக்காதே. படித்திருந்தால் இதையும் படி.

இன்று காலை அந்தக் கடிதத்தின் நகலைக் கோப்பில் சேர்க்கப் போனேன். புரட்டும்போது உன் மார்ச் 27 கடிதம் வந்தது. 'என் கைக்கடிகாரத்தை நான் இன்னும் மாற்றவில்லை. இங்கே ஆறு மணி நேரம் பின்னால்' என்ற வரி கண்ணில் பட்டது. உறையில் அந்த ஊர்த் தபால் முத்திரை, மார்ச் 28. உள்ளே என் முத்திரை, பெற்ற தேதி ஏப்ரல் 6. தையல்காரரின் விசாரணைக்கு ஒரு மாதத்துக்கு முன்பே எழுதப்பட்ட கடிதம். மாலை 4.50இலிருந்து ஆறு மணி நேரத்தைக் கழித்தால் காலை 10.50. அறை திறந்திருக்கும் நேரம். படம் உண்மை. அதற்கான சான்று உலகத்திலேயே என் அலமாரியில்தான் இருக்கிறது.

கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மூடி வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. உனக்கேகூட அந்த வரி நினைவிருக்காது.

21-7-1987, செவ்வாய்க்கிழமை நடந்ததை உனக்குப் பல முறை சொல்லியிருக்கிறேன். கட்டட வேலைக்காக எங்கிருந்தோ வந்த ஒரு பெண், குழந்தையின் பிறப்பைப் பதிய இருபத்தோராவது நாள், கடைசி நாள், வரிசையில் நின்றாள். ஒரு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அவள் மூன்றாவது ஆள். ஒரு மணிக்கு நான் கதவைச் சாத்தினேன். மறுநாள் அவள் வந்து கெஞ்சினாள். 'குறித்த நாளுக்குள் வரவில்லை' என்று எழுதி அனுப்பிவிட்டேன். வந்திருந்தாள், டீச்சர். இடுப்பில் குழந்தையோடு என் எதிரே நின்றிருந்தாள். நான் பார்த்தேன். இதை நேரம் தவறாமைக்கு உதாரணமாக எத்தனையோ விருந்தாளிகளிடம் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ ஒருமுறைகூடச் சிரித்ததில்லை. எழுந்து உள்ளே போய்விடுவாய். அதை இன்றுதான் கவனித்தேன்.

உன் கடிதத்தின் அசலும் உறையும் இத்துடன். நான் ஒப்படைத்ததற்கான உறுதிமொழியும், நோட்டரி கையெழுத்தோடு. என் மாத்திரை விஷயமும் ஊரறியப் படிக்கப்படும். படிக்கட்டும்.

கையெழுத்துப் போடு. மகளிடம் நான் சொன்னதாகச் சொல். திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டட்டும், கேட்காத காதுப் பக்கம்.

இங்ஙனம்,
உன் கணவன்


24 ஜூலை, செவ்வாய்

அன்புள்ள என் தலைமை எழுத்தருக்கு,

உங்கள் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. ரத்தானதைத்தான் முதலில் பிரித்தேன், என் ராசி. படித்து முடித்துவிட்டு ஒரு மணி நேரம் உங்களோடு பேசாமல் இருந்தேன். பிறகு இரண்டாவதைப் பிரித்தேன்.

வக்கீலம்மா உங்கள் உறையை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தார். "இந்த மனுஷனை நேர்ல பார்க்கணும்மா"ன்னார். "வேணாம், வந்த தேதி போன தேதி எல்லாம் எழுதிக்குவார்"ன்னேன். ஜூன் 11ஆம் தேதி கையெழுத்துப் போட்டேன். மறுவிசாரணைக்கு ஒத்துக்கொண்டார்கள். ஆனால் வரைந்தவள் நேரில் வந்து சொல்ல வேண்டும் என்றார்கள். ஜூலை 31 என்று நாள் குறித்தார்கள்.

நேற்று அதை மாற்றிவிட்டார்கள். இப்போது ஆகஸ்டு 13, திங்கள்.

இதைப் படிக்கும்போதே உங்கள் விரல் கணக்குப் போடுவது எனக்குத் தெரியும். என் விசா 10ஆம் தேதி முடிகிறது. எதற்கும் இருக்கட்டும் என்று முன்பே நீட்டிப்புக் கேட்டிருந்தோம். காரணம் போதாது என்று 20ஆம் தேதியே பதில் வந்துவிட்டது. விசா முடிந்தவள் அந்தக் கட்டடத்துக்குள் போனால் திரும்பி வெளியே விடுவார்களா என்று கேட்டேன். வக்கீலம்மா, "விடலாம். விடாமலும் இருக்கலாம். நான் உங்களை வாங்கன்னு கூப்பிட மாட்டேம்மா"ன்னார். நல்ல பெண்.

மகள் பேசுவதில்லை. என் பெட்டியை எடுத்துக் கட்டில் மேல் வைத்திருக்கிறாள், என் புடவைகளை அவளே மடித்து உள்ளே அடுக்கியிருக்கிறாள். சின்ன வயதில் எதையும் மடிக்கத் தெரியாத பெண்.

இந்தக் கடிதம் உங்களுக்கு 2ஆம் தேதி கிடைக்கும். நீங்கள் பதில் எழுதினால் எனக்கு வர 12, 13 ஆகிவிடும். அதனால் இந்தத் தடவை கேட்கவில்லை, சொல்கிறேன். நான் 8ஆம் தேதி வரவில்லை.

அவர் வந்தார். நான் பார்த்தேன். அதைச் சொல்லிவிட்டு வருகிறேன்.

கடிகாரம் இன்னும் உங்கள் நேரத்தில்தான்.

உங்கள் டீச்சர்


கடித எண் 14
3-8-2018, வெள்ளிக்கிழமை, பகல் 12.30

அன்புள்ள டீச்சருக்கு,

நீ கணித்தபடியே உன் கடிதம் நேற்று 2ஆம் தேதி கிடைத்தது. இந்தக் கடிதம் 12ஆம் தேதி வர வேண்டும். அன்று ஞாயிறு, தபால் கிடையாது. 13ஆம் தேதி தபால்காரர் வரும்போது நீ வீட்டில் இருக்க மாட்டாய். ஆகவே இது உனக்கு எந்த வகையிலும் உதவாத கடிதம். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

விசா முடிவது 10, விசாரணை 13, நடுவில் சனியும் ஞாயிறும் அலுவலகம் இல்லை, ஆகவே ஒரே ஒரு வேலைநாள்தான் தாமதம் என்று வக்கீலம்மா வாதாடக்கூடும். என் கணக்கில் அது மூன்று நாள்தான். குறைத்துச் சொல்ல மாட்டேன். மூன்று நாள், தெரிந்தே.

இன்று காலை டிக்கெட் அலுவலகம் போனேன்.

"சார், எட்டாம் தேதி டிக்கெட்டை மாத்தச் சொல்றீங்க. மேடம் விசா பத்தோட முடியுதே?"

"தெரியும்."

"போன தடவை வந்திறங்குற நாளையும் சேர்க்கணும்னு என்கிட்ட முக்கால் மணி நேரம் சண்டை போட்டது நீங்கதானே சார்?"

"நான்தான்."

"அப்போ எந்தத் தேதிக்குப் போடட்டும்?"

"பதினாலு."

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். வேறு யாரோ என் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருப்பதாக நினைத்திருப்பான். 14ஆம் தேதி செவ்வாய் புறப்பட்டு 15 புதன் வந்துசேரும் டிக்கெட். விமான நிலையத்தில் நிற்பேன்.

மகளுக்கும் தொலைபேசி செய்தேன். "அப்பா, நீங்களாவது அம்மாகிட்ட சொல்லக்கூடாதா?" என்றாள். டிக்கெட்டை மாற்றிவிட்டேன் என்றேன். பிறகு நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் பேசவில்லையா, என் காதுதானா என்று தெரியாமல் கருவியைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த வாக்கியத்தை இதுவரை எந்தக் கடிதத்திலும் எழுதியதில்லை, கோப்பைப் பார்த்துச் சரிபார்த்துவிட்டேன்.

உன் கணவன்


கடித எண் 15
30-8-2018, வியாழக்கிழமை, மாலை 4.20
(பெறுநர் முகவரி: தடுப்புக் கட்டடம், பெண்கள் பகுதி)

அன்புள்ள டீச்சருக்கு,

உள்ளே இருப்பவர்களுக்குக் கடிதம் கொடுப்பார்களா என்று தெரியவில்லை. ஒரு பக்கத்துக்கு மேல் போனால் திருப்பிவிடுவார்கள் என்று மகள் சொன்னாள். பொடியாக எழுதுகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொள்.

15ஆம் தேதி விமான நிலையத்தில் நின்றேன். எல்லோரும் வெளியே வந்தார்கள். பிறகு விமான ஊழியர்களும் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். பிறகு தரை துடைப்பவர் வந்து, "யாருக்கு நிக்கிறீங்க பெரியவரே, ஃபிளைட் காலியாயிடுச்சே" என்றார். அன்று மகளோடு தொலைபேசியில் பேசினேன். 'பேசி முடிச்சாங்க, அப்புறம் அங்கேயே நிறுத்திட்டாங்க' என்பது மட்டும் காதில் நின்றது. அதன்பின் பதினான்கு நாள் என்னிடம் எதுவும் இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே கையை விரிக்கப் பழகிவிட்டார்.

நேற்று 29ஆம் தேதி பகல் 11.50க்கு ஓர் உறை வந்தது. மகள் அனுப்பியது. ஒரு துண்டுச் சீட்டும் ஒரு படமும்.

சீட்டில் எழுதியிருப்பது: 'அப்பா, தையல்காரர் 17ஆம் தேதி வெளியே வந்துவிட்டார். அம்மாவுக்கு விசா மீறல் விசாரணை 21ஆம் தேதி நடந்தது, அடுத்த நாள் இன்னும் குறிக்கவில்லை. எங்கள் மனுவைப் பற்றி இப்போது கேட்காதீர்கள். உள்ளே போன் கூடாது, அதனால் பென்சில் எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே எங்கே உட்காருவது என்று தெரியாமல் கம்பிவேலி ஓரம் நின்றேன். தையல்காரரின் மனைவி தெருவிலேயே சொல்லி அனுப்பினாள், கடைசி பெஞ்ச், இடது ஓரம், அங்கேதான் அம்மா உட்காருவாங்கன்னு. நகலை வேலியில் மாட்டியிருக்கிறோம். அசல் வீட்டுக்காரர்களுக்குத்தானே. அதனால் உங்களுக்கு.'

உன் வகுப்பிலேயே ஓவியத்தில் நூற்றுக்கு முப்பத்தெட்டு வாங்கியவள் வரைந்த படம். இப்போது பார்த்தால் இன்னும் குறைத்திருப்பாய். ஒரு காது இல்லை. நாற்காலி காற்றில் நிற்கிறது. ஆனால் வலது கீழ் மூலையில், என் மாதிரிப்படி, ஒரு புள்ளி பிசகாமல்: '21-8-2018, செவ்வாய், அறை 4, காலை 10.50 முதல் 10.59 வரை.'

முகத்தைவிடக் கையைப் பெரிதாகப் போட்டுவிட்டாள். அதனால் மணிக்கட்டில் இருக்கும் கடிகாரம் நன்றாகத் தெரிகிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சின்ன முள் ஐந்தைத் தொடப் போகிறது. பெரிய முள் பத்தில் இருக்கிறது.

கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது, டீச்சர்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மாத்திரைக் குறிப்பேட்டை எடுத்து 21-8, செவ்வாய் என்ற வரியைப் பார்த்தேன். காலியாக இருக்கிறது. 16ஆம் தேதியிலிருந்தே காலிதான். போடப் பிடிக்கவில்லை. அங்கே அந்த நாற்காலியில் உட்கார்ந்து நீ எனக்கு நினைவூட்டிக்கொண்டிருந்த அதே நிமிடத்தில், இங்கே நான் வராதவனாக இருந்திருக்கிறேன்.

படத்தை மேசைக்கு எதிரே, கடிகாரத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறேன். தண்ணீர் எடுத்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

இன்று 30-8-2018, வியாழக்கிழமை, மாலை 4.50. போட்டுக்கொண்டேன்.

உன் கணவன்